இறகு என்றொரு காவல்காரன்

மடிக்கணினியின் பொத்தானை அமுக்கிவிட்டு, கட்டம் சார் நாற்காலியில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டார்.

"இனி பேசலாம். நிறைய நேரம் இருக்கு."

"எவ்வளவு?" என்று கேட்டார் அண்ணி.

பதில் அவர் மனைவியிடமிருந்து வந்தது. "நான் இப்ப குளிக்கப் போனா, தலை துவட்டிட்டு வர்றப்ப பாதி ஆன் ஆகியிருக்கும்."

வானொலி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். சரியாகப் பத்து மணி.

வானொலி என்பது அவன் பெயரல்ல. அண்ணியின் கணவருக்குத் தம்பி, வயது நாற்பத்திரண்டு. பதினைந்து வருடம் வானொலி நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தான். நிலையத்தை ஒருநாள் மூடினார்கள். அவன் வாயை மூடத்தான் யாராலும் முடியவில்லை. காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கணக்குக் காட்டுபவர்களைப் பிடித்துப் பிடித்துப் பழகிய அண்ணி, வேலையை விட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது, "சும்மா வீட்ல பேசிட்டு இருக்கறதை எங்கூட வந்து பேசுங்க தம்பி" என்று அவனைக் கூட்டிக்கொண்டார். அன்றிலிருந்து உதவியாளன்.

"முதல்லேருந்து சொல்லுங்க சார்," என்றார் அண்ணி.

கட்டம் சார் சொன்னார். பத்தொன்பது வருடமாக ஒரு வார இதழுக்குக் குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறார். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் புதிர் இதழின் இணையதளத்தில் வரும். முதலில் சரியான விடை அனுப்புகிறவர் பெயர் அடுத்த இதழில் 'இந்த வார மூளை' என்று பெட்டி கட்டி வரும். ஆறு வாரமாக ஒரே ஆள்தான் முந்திக்கொண்டு அனுப்புகிறார். புனைபெயர், மின்னல்.

"ஆறு மணிக்குப் புதிர் வருது, ஆறு ஒன்பதுக்கு விடை வருது. எனக்கே விடை தெரியும். நானே அந்தக் கட்டத்தை நிரப்பி அனுப்பினாலும் எட்டு நிமிஷம் ஆகும்."

"அப்ப அவர் யோசிக்க ஒரு நிமிஷம் எடுத்துக்கறார்," என்றான் வானொலி.

அண்ணி திரும்பிப் பார்த்தார். அவன் வாயை மூடிக்கொண்டான்.

"வாசகர்கள் நான்தான் யாருக்கோ விடையைக் கொடுக்கறேன்னு எழுத ஆரம்பிச்சுட்டாங்க. ஆசிரியர் இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் டைம் கொடுத்திருக்கார். அதுக்குள்ள விளக்கம் வரலைன்னா நாளையிலேருந்து என் கட்டம் கிடையாது." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "பத்தொன்பது வருஷம்மா. காய்ச்சல்ல படுத்தப்பகூட ஒரு வாரம் விட்டதில்ல."

அவர் மனைவி மின்விசிறியின் வேகத்தைக் கூட்டி வைத்தார்.

மேசைமேல் மடிக்கணினி உறுமிக்கொண்டிருந்தது. ஒரு மூலை உடைந்து, பசை நாடா ஒட்டியிருந்தது. அடியில் சூடு ஏறாமலிருக்க ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தை முட்டுக் கொடுத்திருந்தார்கள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது.

"இதை யார் யார் தொடுவாங்க?"

"நான் மட்டும்தான்," என்றார் கட்டம் சார்.

"ஏன், ரெண்டு மாசம் முன்னாடி சம்பந்தி வீட்ல வெள்ளையடிச்சப்ப எல்லாரும் இங்கதானே நாலு நாள் இருந்தாங்க," என்றார் அவர் மனைவி. "சம்பந்தி ஊருக்குப் போக டிக்கெட் போடறேன்னு இது முன்னாடி உட்கார்ந்தார். ஆன் ஆகறதுக்குள்ள குறட்டை விட ஆரம்பிச்சுட்டார், பாவம்."

அண்ணி தலையசைத்துக்கொண்டார். "ஆன்ட்டிவைரஸ் எதாவது போட்டிருக்கீங்களா?"

"அதையும் உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன். இந்த மாதிரிக் கிழட்டு மெஷினுக்கு எது நல்லது? கடைக்காரர் ஒண்ணு போட்டுக் கொடுத்தார். அது உள்ள வந்து உட்கார்ந்ததும் மெஷின் எழுந்திருக்கவே இல்ல. அதை எடுத்துட்டு இன்னொண்ணு போட்டார். ஒரு எழுத்து தட்டினா, காப்பி குடிச்சு முடிச்சப்புறம் திரையில வரும். கடைசியில இதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்கன்னார். அப்பதான் பத்திரிகை ஆபீஸ்லேருந்து இறகு வந்தது."

"இறகா?"

"ஆன்ட்டிவைரஸ் பேர். பழைய மெஷினுக்குன்னே பண்ணினதாம். ஒரு பென் டிரைவ், கூடவே எப்படிப் போடணும்னு ஒரு தாள். கவர்ல பத்திரிகை பேர் போட்டிருந்தது. இறகு வந்த அன்னைக்கே எழுதறது பழைய வேகத்துக்கு வந்துடுச்சு. எடையே தெரியல."

"எப்ப வந்தது?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

வானொலியும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்துத் திரை வெளிச்சமானது. கடிகாரம் பத்து பதினொன்று காட்டியது.

அண்ணி இறகைத் திறந்தார். பச்சை நிறத்தில் அழகான ஓர் இறகுப் படம். கீழே 'முழுச் சோதனை' என்று ஒரே ஒரு பொத்தான். அமுக்கினார். எண்கள் கடகடவென்று ஓடின. 'இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம் கோப்புகள் சோதிக்கப்பட்டன. உங்கள் கணினி நலமாக உள்ளது.'

"எவ்வளவு நேரம் தம்பி?"

"நாற்பது செகண்ட்."

"எழுந்து நிக்கவே இவ்வளவு நேரம் எடுத்துக்கிட்ட மெஷின், நாற்பது செகண்ட்ல ரெண்டு லட்சம் கோப்பைப் படிச்சிருக்கு. சார், இது உங்க மெஷின்தானா?"

கட்டம் சார் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையை உற்றுப் பார்த்தார்.

அண்ணி கைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். அதில் எழுத்தும் குறியுமாக, அர்த்தமில்லாத ஒரே ஒரு வரி. அதைப் பார்த்துப் பார்த்துத் தட்டி, ஒரு கோப்பாகச் சேமித்தார்.

"இது என்ன அண்ணி, மந்திரமா?"

"சோதனை வரி. யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணாது. ஆனா ஆன்ட்டிவைரஸ் பண்றவங்க எல்லாரும் பேசி வச்சுக்கிட்டது, இந்த வரியைப் பார்த்தா உடனே கத்தணும்னு. காவல்காரன் முழிச்சிருக்கானான்னு பார்க்க, திருடன் வேஷம் போட்ட ஒருத்தனை அனுப்பற மாதிரி."

எல்லோரும் காத்திருந்தார்கள். இறகு கத்தவில்லை. அண்ணி மறுபடி சோதனைப் பொத்தானை அமுக்கினார். நாற்பது வினாடி. கணினி நலம்.

"திருடன் வேஷத்துல வந்தவனுக்கு நாற்காலி போட்டு உட்கார வச்சிருக்கு," என்றான் வானொலி.

"எடையே தெரியலைன்னீங்களே சார். வேலை செஞ்சாத்தானே எடை தெரியும். இது காவல் காக்கல. அப்ப உள்ள உட்கார்ந்து வேற என்னவோ பண்ணுது. அந்தத் தாள் இருக்கா?"

இருந்தது. கட்டம் சார் எதையும் தூக்கிப் போடாதவர். அண்ணி வாங்கி வாய்விட்டுப் படித்தார்.

"'ஒன்று. மடிக்கணினியை ஆன் செய்துவிட்டுப் பதினோரு நிமிடம் பொறுக்கவும். சரியா? அடுத்ததுக்குப் போகலாம். இரண்டு. கணினியோடு கூடவே வந்த பாதுகாப்பு மென்பொருளை அணைத்துவிடவும். சரியா? அடுத்ததுக்குப் போகலாம்.'" நிறுத்தினார். "நிஜமான ஆன்ட்டிவைரஸைப் போட்டா, கூடவே வந்தது தானா ஒதுங்கி வழிவிடும். இது வாசல்ல நிக்கறவரைக் கட்டிப் போட்டுட்டு என்னை உள்ள விடுன்னு கேக்குது."

தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "தம்பி, வண்டியை எடுங்க. பத்திரிகை ஆபீஸ்."

*

வார இதழின் அலுவலகத்தில் பக்க வடிவமைப்பாளர் இரண்டு பெரிய திரைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். வானொலி படியேறும்போதே முடிவு கட்டிவிட்டான். கவரில் பத்திரிகை பெயர், குறுக்கெழுத்து வந்து சேர்வது இந்த ஆளிடம். வேறென்ன வேண்டும்?

"பென் டிரைவா?" வடிவமைப்பாளர் சிரித்துவிட்டார். "எங்க ஆபீஸ்ல பேனா கேட்டாலே பழைய ரீஃபிலைக் காட்டச் சொல்வாங்க."

"அப்ப இந்த மின்னல்?"

"நானா? கட்டம் சார் புதன்கிழமையே புதிரையும் விடையையும் சேர்த்து எனக்கு அனுப்பிடுவார். அடுத்த வாரப் பக்கத்துல விடையைப் போடணும்ல. கையில இருக்கறதைத் திருட நான் எதுக்கு ஒருத்தர் வீட்டு மெஷினுக்குள்ள போகணும்?"

வானொலி தன் முடிவை மனதுக்குள் அழித்துக்கொண்டான்.

அண்ணிக்கு அதில் ஏமாற்றம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. "மின்னல் அனுப்பின ஆறு விடையும் பார்க்கலாமா?"

வடிவமைப்பாளர் அச்செடுத்துக் கொடுத்தார். அண்ணி மேசை ஓரத்தில் உட்கார்ந்து, புதிரையும் விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தடவிக்கொண்டே போனார். நான்காவது வாரத்தில் விரல் நின்றது.

"இந்த வாரம் மட்டும் மின்னல் பேர் பெட்டியில வரலையே?"

"ஒரு வார்த்தை தப்பு. அதனால அடுத்து அனுப்பினவருக்குக் கொடுத்தோம்."

"தம்பி, இதைப் படிங்க. மேலிருந்து கீழ் பதினொண்ணு."

வானொலி படித்தான். "'மூக்குக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.' மூணு எழுத்து. வாசம்."

"மின்னல் என்ன எழுதியிருக்கு?"

"வானம்." அவன் தாளைத் திருப்பிப் பார்த்தான். "வானத்தை மூக்கால பார்த்த ஆளை நான் இன்னும் சந்திச்சதில்ல அண்ணி."

வடிவமைப்பாளர் நாற்காலியோடு உருண்டு வந்தார். "இருங்க இருங்க. அந்த வாரம் சார் முதல்ல வானம்னுதான் அனுப்பியிருந்தார். அதுக்கு வேற குறிப்பு. சாயங்காலம் போன் பண்ணி, வானம் போன மாசம்தான் வந்தது, வாசம்னு மாத்திக்கோங்கன்னு புதுக் குறிப்பும் சொன்னார். நான்தான் இங்க மாத்தினேன்."

"சார் அவர் மெஷின்லயும் மாத்தியிருப்பாரா?"

"மாட்டார். அதை மறுபடி ஆன் பண்ண யாருக்குப் பொறுமை இருக்கு? அதனாலதானே போன்."

அண்ணி தாள்களை அடுக்கித் தட்டினார். "அப்ப மாறின வார்த்தை தெரிஞ்சவங்க ரெண்டே பேர். கட்டம் சாரும் நீங்களும். உங்கள்ல யார் விடையைக் கொடுத்திருந்தாலும் வாசம்னுதான் கொடுத்திருப்பீங்க. வானம்னு இருந்த ஒரே இடம் அந்தக் கிழட்டு மெஷின். எடுத்த ஆள் அங்கேருந்து எடுத்திருக்கார். அன்னைக்குக் குறிப்பைக்கூடப் படிக்காம அப்படியே அனுப்பியிருக்கார்." எழுந்தார். "கட்டம் சார் மேல தப்பில்லைங்கறதுக்கு இந்த ஒரு தாள் போதும். ஆனா எடுத்தது யாருன்னு தெரியாம ஆசிரியர்கிட்ட போறதுல எனக்கு இஷ்டமில்ல."

*

சிக்னலில் வண்டி நின்றபோது அண்ணி பின்னாலிருந்து கேட்டார். "தம்பி, உங்க வீட்டு மெஷின் ஆன் ஆக எவ்வளவு நேரம்?"

"ஒரு நிமிஷம் இருக்கும்."

"எல்லாருக்கும் அப்படித்தான். அந்தத் தாள்ல முதல் வரி என்ன?"

அவனுக்கு உறைத்தது. "பதினோரு நிமிடம் பொறுக்கவும்."

"எந்தக் கம்பெனிக்காரன் அப்படி எழுதுவான்? அந்த மெஷின் முன்னாடி உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருந்த ஆள் எழுதினது அது."

பச்சை விழுந்தது. பின்னால் இருந்தவர்கள் ஒலி எழுப்பியும் வானொலி ஒரு நொடி நகரவில்லை. "சம்பந்தி," என்றான். "டிக்கெட் போட உட்கார்ந்தாரே. தூங்கற மாதிரி நடிச்சிருக்கார். அண்ணி, அது கட்டம் சார் பொண்ணு வாழற வீடு. இதை எப்படிப் போய்க் கேக்கறது?"

"மெதுவாத்தான்," என்றார் அண்ணி. "போங்க, பின்னாடி திட்டறாங்க."

புதிதாக வெள்ளையடித்த வீட்டின் கதவைத் திறந்தவர் சம்பந்தியேதான். கையில் கைபேசி. அதன் விளக்கு பளீரென்று வானொலியின் கண்ணில் அடித்தது.

"வாங்க, யார் நீங்க? யாரா இருந்தாலும் பரவாயில்ல, காலையிலேருந்து இந்த டார்ச் எரிஞ்சுக்கிட்டே இருக்கு. எப்படி அணைக்கறதுன்னு தெரியல. தலையணைக்கு அடியில வச்சுப் பார்த்தேன்."

வானொலி அண்ணியைப் பார்த்தான். இவரா மின்னல் என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது.

"சம்பந்தி வீட்டுக் கட்டம் சார் அனுப்பினார்," என்றார் அண்ணி. "ஒரு சின்ன சந்தேகம். நீங்க அவர் வீட்ல இருந்தப்ப ஊருக்கு டிக்கெட் போட்டீங்களாமே. தூங்கிப் போயிட்டீங்கன்னும் சொன்னாங்க. கடைசியில ஊருக்குப் போனீங்களா?"

"போகாம? ஜன்னல் ஓரமாவே இடம் கிடைச்சுதே."

"தூங்கினவருக்கு டிக்கெட் போட்டது யாரு?"

உள்ளேயிருந்து ஒரு பெண்மணி வந்தார். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கணவர் கையிலிருந்து கைபேசியை வாங்கி இரண்டு தட்டுத் தட்டினார். விளக்கு அணைந்தது.

"மேலேருந்து கீழ இழுக்கணும், இதை அமுக்கணும். சரியா? அடுத்ததுக்குப் போகலாம்."

அண்ணியின் கை பைக்குள் இருந்த தாளைத் தொட்டது.

சம்பந்தியம்மா இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். பிறகு கைபேசியைக் கணவரிடம் கொடுத்து, "நீங்க போய்ப் பேத்தி எழுந்துட்டாளான்னு பாருங்க" என்று அனுப்பிவைத்தார். சோபாவில் உட்கார்ந்து, எதிரே இருந்த நாற்காலிகளைக் காட்டினார்.

"எத்தனை வருஷம் பாடம் எடுத்தீங்க?" என்று கேட்டார் அண்ணி.

"முப்பது. பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் டீச்சர்." பிறகு, "தாள்லயா மாட்டிக்கிட்டேன்?" என்றார்.

"தாள்ல பாதி. வானத்துல பாதி."

"அந்த வாரம் பேத்திக்குக் காய்ச்சல். காலையில கட்டத்தைப் பார்க்க நேரமில்ல. இறகு வழியா முந்தின நாளே எடுத்து வச்சதை அனுப்பிட்டேன்." அவர் சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டார். "மத்த வாரமெல்லாம் முந்தின நாளே, அவர் விடையைத் தொடறதுக்கு முன்னாடி புதிரை நானா போட்டுப் பார்ப்பேன். இருபது நிமிஷத்துக்குள்ள முடிச்சுடுவேன். நீங்க நம்ப வேண்டாம்."

"நம்பறேன். எதுக்கு இதெல்லாம்?"

"போன வருஷம் நானும் பன்னிரண்டு புதிர் போட்டேன். ஒரு நோட்டுல அழகா எழுதி, நல்லா இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க சம்பந்தின்னு அவர்கிட்ட கொடுத்தேன். ஒரு வாரம் கழிச்சுக் கேட்டேன். பிரமாதம்னார். சந்தோஷமாத்தான் இருந்தது. அப்புறம் அவர் வீட்ல தங்கினப்ப டிக்கெட் போட அந்த மெஷின் முன்னாடி உட்கார்ந்தேனா, பதினோரு நிமிஷம் சும்மா இருக்கணும். அப்பதான் அடியில என்ன இருக்குன்னு பார்த்தேன்."

வானொலிக்கு முட்டுக் கொடுத்த அந்தத் தடித்த நோட்டு நினைவுக்கு வந்தது.

"சூடு ஏறாம இருக்க வச்சிருக்கார். முதல் பக்கத்தைக்கூடத் திருப்பல. நான் நோட்டுக்குள்ள மடிச்சு வச்சுக் கொடுத்த கடிதம் அதே மடிப்புல இருந்தது." கண்ணாடிச் சங்கிலியை நேராக்கிக்கொண்டார். "ஒருதடவையாவது அவர் மண்டையைக் குடையட்டும்னு நினைச்சேன். வேலைக்கே ஆபத்து வரும்னு நினைக்கல. வாசகர்கள் திட்டி எழுதறாங்கன்னு மருமக சொன்னப்புறம் மூணு நாளா சரியா தூக்கமில்ல. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருக்கேன். மருமக முகத்துல எப்படி முழிப்பேன்?"

அண்ணி கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று பத்து.

"ஆசிரியர் நம்பர் தர்றேன். நானும் சொல்லலாம். நீங்களே சொன்னா இன்னும் நல்லா இருக்கும். ஆனா முதல் போன் அவருக்கு."

சம்பந்தியம்மா ஸ்பீக்கரில் போட்டுக் கட்டம் சாரை அழைத்தார். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். நோட்டைப் பற்றியும் சொன்னார். மறுமுனையில் எதையோ அடியிலிருந்து உருவியெடுக்கும் சத்தம். பிறகு காகிதம் திருப்பும் சத்தம் கேட்டது. ஒரு பக்கம். இன்னொரு பக்கம்.

"சம்பந்தியம்மா," என்றது கட்டம் சாரின் குரல். "நான் பண்ணினதும் தப்புதான். மன்னிச்சுக்கோங்க." இன்னும் ஒரு பக்கம் திரும்பியது. "இந்த மூணாவது புதிர்ல, இடமிருந்து வலம் ஏழு என்ன?"

"யோசிங்க சம்பந்தி," என்றார் அவர். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

நாலு மணிக்கு ஆசிரியருடன் பேசினார். ஆசிரியர் முதலில் கோபப்பட்டார், அப்புறம் கேள்வி கேட்டார், கடைசியில் அந்த நோட்டைப் பார்க்க முடியுமா என்றார். மின்னல் இனி வராது. அடுத்த இதழில் சம்பந்தியம்மாவே கையெழுத்துப் போட்டு விளக்கம் எழுதுவார். கட்டம் சார் தொடர்வார். மாதத்தில் ஒரு வாரம் அவருக்கு ஓய்வு, அந்த வாரப் புதிர் சம்பந்தியம்மாவுடையது. இந்தக் கடைசி ஏற்பாடு கட்டம் சார் வாயாலேயே வந்தது.

மறுநாள் இறகைப் பிடுங்கிப் போட வந்தவரும் சம்பந்தியம்மாதான். இந்த வேலைக்கு அவரைவிடத் தகுந்த ஆள் யார்? கடைக்காரர் போட்ட இரண்டின் மிச்சம் மீதியையும் வழித்தெடுத்தார். கணினியோடு வந்த பாதுகாப்பை மறுபடி போட்டு, அதற்கு இன்னும் புதுப்பிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டார். அண்ணியின் சோதனை வரியைக் கேட்டு வாங்கித் தட்டினார். சேமித்த மறுகணமே திரை சிவந்து கத்தியது.

"இந்த மெஷினுக்கு இது ஒண்ணு போதும் சம்பந்தி. ரெண்டு காவல்காரங்களை நிறுத்தினா அவங்களே சண்டை போட்டுப்பாங்க, மெஷின் நகராது. முழுச் சோதனை மத்தியானம் நீங்க சாப்பிடற நேரத்துக்கு வச்சிருக்கேன். ரெண்டு மணி நேரம் ஆகும். ஆகட்டும். வேற எது வேணும்னாலும் பண்ணினவங்களோட சொந்தத் தளத்துலேருந்துதான் எடுக்கணும். தபால்ல வர்றதைப் போடாதீங்க."

"நீங்க அனுப்பினாலுமா?" என்று கேட்டான் வானொலி.

"நான் அனுப்பினா முக்கியமா போடாதீங்க."

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, ஆறு மணிக்குச் சம்பந்தியம்மாவின் முதல் புதிர் வந்தது. அண்ணி அலுவலகத்தில் வானொலி எட்டு மணி வரை முட்டி மோதிவிட்டுக் கையை விரித்தான். ஆறு ஒன்பதுக்கு யாரும் அனுப்பவில்லை. ஏழு மணிக்கும் இல்லை. கட்டம் சார் பென்சிலும் கையுமாகக் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பதாகவும், பல் தேய்க்கவில்லை என்றும் செய்தி வந்தது.

ஒன்பதேகாலுக்கு வடிவமைப்பாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். முதல் சரியான விடை வந்துவிட்டதாம். பெயர், முகவரி எல்லாம் சரியாக எழுதி அனுப்பியிருந்தாராம்.

அனுப்பியவர் கட்டம் சாரின் மனைவி.